மோட்டார் போய்விட்டதா? ஸ்பூல் டேப் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஆறு வழிகள்

சென்ற மாதம் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலாமவர் நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவின் கச்சேரிகள் நாற்பது ஸ்பூலில் இருக்கின்றன, கூடவே ஒரு ரெவாக்ஸ் பி77 இயந்திரம். பத்து நிமிடம் ஓடியதும் டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் மோட்டார் கீச்சிட ஆரம்பிக்கிறது. இரண்டாமவர் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறார். ஸ்டூடர் பி67ஐ வாரத்தில் ஐந்து நாள் ஓட்டுகிறார். டேப்பைத் திரும்பச் சுற்றும்போது இடப்பக்க ஸ்பூல் மோட்டார் உறுமுகிறது. மூன்றாமவருக்கு அமெரிக்காவிலிருக்கும் மாமா ஒரு ஆம்பெக்ஸ் 351ஐ மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறார். டிரான்ஸ்பார்மர் போட்டு ஓட்டினால் பாட்டு அழுது வடிகிறது, மோட்டாரில் கை வைக்க முடியவில்லை.

மூவரிடமும் யாரோ ஒருவர் "மோட்டார் போய்விட்டது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பழைய மோட்டாருக்கு உயிர் கொடுப்பதா, காயில் கட்டுவதா, வேறு இயந்திரத்திலிருந்து கழற்றிப் போடுவதா, வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவதா, புதிய மோட்டார் பொருத்துவதா என்று குழம்பிப்போய் வந்தார்கள். மூவரில் ஒருவருக்குக்கூட மோட்டார் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் ஆறு வழிகளில் எதற்குப் பணம் எடுத்து வைப்பதானாலும், அதற்கு முன் ஒரு மாலைப்பொழுதைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

## முதலில்: குற்றவாளி மோட்டார்தானா?

டேப் இயந்திரத்தில் பெரும்பாலும் மூன்று மோட்டார்கள். டேப்பைச் சீரான வேகத்தில் இழுப்பது கேப்ஸ்டன் மோட்டார். இருபுறமும் ஸ்பூல்களைச் சுற்றுபவை மற்ற இரண்டு. ஓடும்போது இடப்பக்க மோட்டார் எதிர்த்திசையில் மெல்ல இழுத்துப் பிடித்து டேப்பை விறைப்பாக வைத்திருக்கும். இந்தப் பங்கீடு தெரிந்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

வேகம் ஆடுகிறதா? எத்தனை நொடிக்கு ஒருமுறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில், டேப் நிறைந்த 26.5 செ.மீ. ஸ்பூல் ஒரு சுற்றுச் சுற்ற நான்கு நொடிக்குச் சற்று மேலே ஆகும். டேப் தீர்ந்து 11.4 செ.மீ. நடுவட்டுக்கு வரும்போது இரண்டு நொடிக்குள் ஒரு சுற்று. ஆகவே தொடக்கத்தில் நான்கு நொடிக்கு ஒருமுறை வந்த ஆட்டம் முடிவில் இரண்டு நொடிக்கு ஒருமுறை வந்தால் இடப்பக்க ஸ்பூலைப் பாருங்கள். போகப்போக அது மெதுவானால் வலப்பக்கம். ஆட்டம் டேப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே கதியில், நொடிக்குப் பல முறை துடிப்பாக வந்தால் சந்தேகம் கேப்ஸ்டன் மீது. 10 மி.மீ. விட்டமுள்ள கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கும் தண்டு) 19 செ.மீ. வேகத்தில் நொடிக்கு ஆறு சுற்று சுற்றும். 3150 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் பதிந்த சோதனை டேப்பை ஓட்டிக் கணினியில் பதிந்து, ஆட்டம் நொடிக்கு எத்தனை முறை என்று அலசினால், இந்த ஆறு என்ற எண் வரைபடத்தில் குச்சி நட்டதுபோல் நிற்கும்.

மோட்டார்மீது பழி விழச் செய்யும் மற்றவர்களையும் விசாரிக்க வேண்டும். டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் இறுகிப்போனால் டேப் வழுக்கும். சரியாக விடுபடாத பிரேக் ஸ்பூல் மோட்டாரைச் சூடாக்கும். 1970, 80களின் சில டேப்கள், குறிப்பாக ஆம்பெக்ஸ் 406, 456 போன்றவை, பசை கசிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் கிறீச்சிட்டு நின்றேவிடும். அதற்கு மருந்து டேப்பைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் பக்குவமாகச் சூடாக்குவது. (பழைய அசிடேட் டேப்பை ஒருபோதும் இப்படிச் சூடாக்காதீர்கள், சுருண்டு பாழாகும்.) நன்றாக ஓடும் வேறொரு டேப்பைப் போட்டுப் பார்க்காமல் மோட்டாரில் ஸ்குரூடிரைவர் வைக்கக் கூடாது.

கடைசியாக ஒரு எளிய சோதனை. டேப் இல்லாமல் கேப்ஸ்டனை ஓடவிட்டு மின்சாரத்தை நிறுத்துங்கள். நல்ல மோட்டார் யோசித்து யோசித்து நிற்கும். எண்ணெய் வற்றியது வெடுக்கென்று நிற்கும். அரை மணி நேரம் ஓடிச் சூடானபின் மறுபடி செய்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நோயின் அளவு.

## எதை வைத்து முடிவெடுப்பது?

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? 26.5 செ.மீ. ஸ்பூலில் வழக்கமான டேப் 762 மீட்டர். 19 செ.மீ. வேகத்தில் 66 நிமிடம் ஓடும். நாற்பது ஸ்பூல் என்றால் சுமார் 45 மணி நேரம். இரண்டாம் முறை ஓட்டுவது, சோதனை எல்லாம் சேர்த்தாலும் நூறு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த நூறு மணி நேரம் ஒரே மாதத்தில் ஓடிவிடும். இந்த இருவருக்கும் ஒரே மருந்து பொருந்தாது.

தண்டின் துல்லியம் தப்புமா? ரெவாக்ஸ் ஏ77, பி77 போன்றவற்றில் கேப்ஸ்டன் என்பது மோட்டாரின் தண்டேதான். 10 மி.மீ. தண்டு மையத்திலிருந்து வெறும் 5 மைக்ரான் விலகிச் சுற்றினால் வேகம் ஏறியும் இறங்கியும் 0.1 சதவீதம் தடுமாறும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்; அதில் பதினான்கில் ஒரு பங்கு. நல்ல ஸ்டூடியோ இயந்திரங்களின் மொத்தத் தடுமாற்றமே 0.1 சதவீதத்துக்குக் கீழேதான். செம்புக் கம்பி எங்கும் கிடைக்கும், இந்தத் தண்டு கிடைக்காது. எந்த வழியானாலும் தண்டுக்கு என்ன ஆகும் என்பதே என் முதல் கேள்வி.

பின்வாங்க முடியுமா? செய்தது பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா?

மொத்தச் செலவு எவ்வளவு? ரசீதில் வருவது மட்டும் செலவாகாது. தபால், சுங்கம், மறுசரிக்கட்டல், இயந்திரம் சும்மா கிடக்கும் வாரங்கள் எல்லாம் சேர வேண்டும்.

## வழி 1: இருக்கும் மோட்டாருக்கே எண்ணெய், பேரிங், கெபாசிட்டர்

பத்தில் எட்டு இயந்திரம் இந்த வழியிலேயே எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. இது என் மேசை அனுபவம், கணக்கெடுப்பு எதுவும் இல்லை.

கெபாசிட்டரிலிருந்து தொடங்கலாம். ஏசி மோட்டார்கள் பெரும்பாலானவற்றுக்குத் துணையாக ஒரு கெபாசிட்டர் நிற்கும். நம் மின்விசிறியில் 'கண்டன்சர்' என்கிறோமே, அதே ஆள்தான். வயதாகி அளவு குறைந்தால் மோட்டார் முக்கும், சூடாகும், சுற்ற மறுக்கும். சர்வீஸ் கையேட்டில் உள்ள மைக்ரோஃபாரட் அளவோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள். 2.5, 3.15, 4 மைக்ரோஃபாரட் அளவில் 440 வோல்ட் ஏசி தாங்கும் மின்விசிறி கெபாசிட்டர்கள் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அளவு பொருந்தினால் தாராளமாகப் போடலாம். பொருந்தாவிட்டால் 'கிட்டத்தட்ட' என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். அளவு மாறினால் ஸ்பூலின் இழுவிசை மாறும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுக் கை வையுங்கள்.

அடுத்தது பால் பேரிங். ஸ்பூல் மோட்டார் உறுமினால் பெரும்பாலும் இதுதான். பேரிங்கின் பக்கவாட்டில் எண் அச்சிட்டிருக்கும். அதே எண்ணைப் பாரிமுனை பேரிங் கடையில் கேட்டால் சில நூறு ரூபாய். ஆனால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளிலும் கவனம் வேண்டும். இசட் இசட் என்றால் உரசாத உலோக மூடி. 2ஆர்எஸ் என்றால் உரசும் ரப்பர் மூடி. தூசி வராதே என்று ரப்பர் மூடி போட்டவர்கள் உண்டு. அந்த உரசலில் டேப்பின் பின்னிழுப்பு கூடிவிடும், மெல்லிய டேப் நீளும். சி3 என்று எழுதியிருந்தால் உள்ளே இடைவெளி அதிகம். தொழிற்சாலை மோட்டாருக்கு நல்லது, அமைதியாக ஓட வேண்டிய நமக்கு வேண்டாம். பிரபலப் பெயர் அச்சிட்ட போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன. தெரிந்த கடையில், பெட்டியோடு, ரசீதோடு வாங்குங்கள். மாற்றும்போது தண்டின் மீது ஏறும் பேரிங்கை உள் வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். வெளி வளையத்தைத் தட்டினால் புது பேரிங்கும் அன்றைக்கே பழசு.

மூன்றாவது, கேப்ஸ்டன் மோட்டாரின் புஷ், அதாவது தண்டைத் தாங்கும் குழல். இங்கேதான் கைப்பக்குவம் தேவைப்படுகிறது. இந்த வகை மோட்டார் பலவற்றில் தண்டு சுற்றுவது பொடியாக்கிய வெண்கலத்தை அழுத்திச் சுட்டுச் செய்த புஷ்ஷில். ஸ்பஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளில்தான் எண்ணெய் தங்கியிருக்கிறது. சுற்றும்போது கசிந்து தண்டுக்கு மெத்தையாகும், நின்றால் உள்ளே திரும்பும். நாற்பது, ஐம்பது ஆண்டில் அது காய்ந்து கோந்தாகிவிடும். சுழல்பகுதியை மெதுவாக மேலே உருவினால், ஆரோக்கியமான தண்டு கண்ணாடிபோல வரும். நோயுற்ற தண்டில் புஷ் தொட்ட இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று படிந்திருக்கும். சுத்தமான பருத்தித் துணியால் துடைத்தால் அரக்குப்போல ஒட்டிக்கொண்டு வரும். நகத்தை ஓட்டிப் பாருங்கள்: தடங்கல் இல்லையென்றால் தண்டு தப்பியது. கோடு தட்டுப்பட்டால் இந்த வழி உங்களுக்கு இல்லை, நான்காம் வழிக்குப் போய்விடுங்கள்.

உருவும் முன் வாஷர்களின் வரிசையைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு மெல்லிய வாஷர் இடம் மாறினால் தண்டின் உயரம் மாறும், மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். புஷ்ஷை ஆல்கஹால் ஊற்றிக் கழுவாதீர்கள். அழுக்கோடு உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெயும் போய்விடும். கழுவித்தான் தீர வேண்டுமென்றால், பிறகு வெற்றிடத்தில் எண்ணெய் ஏற்ற வேண்டும். மோட்டாரிலிருந்து தனியாகக் கழன்று வரும் சிறிய புஷ் என்றால் பெரிய மருந்தூசிக் குழாயே போதும். எண்ணெயில் புஷ்ஷை மூழ்கவிட்டு, முனையை விரலால் அடைத்து, பின்தண்டை இழுத்துப் பிடித்தால், வெண்கலத்தின் உடம்பெல்லாம் வியர்த்ததுபோலக் குமிழிகள் துளிர்த்து மணிச்சரமாக மேலே ஏறும். விட்டதும் எண்ணெய் அந்த இடத்துக்குள் போகும். குமிழி நிற்கும்வரை நாலைந்து முறை.

எண்ணெய் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். தொழில் பழகிய புதிதில் ஒரு ஏ77க்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். அன்று மாலை பட்டுப்போல ஓடியது. இரண்டு வாரத்தில் அதிகப்படி எண்ணெய் தண்டு வழியே ஏறி, பிஞ்ச் ரோலரை நனைத்து, வாடிக்கையாளரின் டேப்பிலும் வட்டம் போட்டது. ஆறு மாதத்தில் அதே கீச்சு. ரெவாக்ஸ், ஸ்டூடர் கேப்ஸ்டன்களுக்கு ஐசோஃப்ளெக்ஸ் பிடிபி 65 என்ற எண்ணெய் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு இயந்திரத்துக்குச் சில துளிகள்தான் செலவாகும், சிறு புட்டி ஆயுளுக்கும் வரும். துருநீக்கும் ஸ்பிரே எதையும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

இந்த வழியின் மறைசெலவு பணத்தில் இல்லை. ஸ்பூல் மோட்டாரில் பேரிங்கோ கெபாசிட்டரோ மாற்றினால் இழுவிசையையும் பிரேக்கையும் மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும். பலர் இதைத் தவிர்த்துவிட்டு, 'மோட்டார் சரியான பிறகுதான் டேப் அறுகிறது' என்று ஆச்சரியப்படுகிறார்கள்.

## வழி 2: காயில் கட்டுவது

நம் ஊரில் காயில் கட்டும் கடைக்குப் பஞ்சமில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப்செட் மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார்கள். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். இருந்தாலும் டேப் மோட்டாரைக் கொடுக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

கேப்ஸ்டன் மோட்டார்கள் பலவும் வெளிச்சுழலி வகை. நிலையாக நிற்கும் காயில் நடுவில், அதைச் சுற்றி வெளியே கிண்ணம்போலச் சுழல்பகுதி. புஷ் இருக்கும் குழாய் காயிலின் நட்ட நடுவே போகிறது. பழைய வார்னிஷை எடுக்கக் காயிலைச் சூட்டில் வைப்பது கடை வழக்கம். அப்படி வைத்தால் புஷ்ஷில் ஊறிய எண்ணெய் கருகிவிடும். புது வார்னிஷைச் சுட்டு இறுக்கும்போது மறுபடி ஒருமுறை. செம்பு புதிதாகும், புஷ் செத்துப்போகும். எனவே புஷ்ஷைக் கழற்ற முடிகிற மோட்டார் என்றால் மட்டும், கழற்றிவிட்டு, சுற்று எண்ணிக்கையும் கம்பியின் தடிமனும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். சுற்று குறைந்தால் மோட்டார் வேகமாகச் சூடேறும். கூடினால் இழுவிசை போதாது.

காயில் உண்மையிலேயே எரிந்ததா என்பதை அளந்து உறுதிசெய்யுங்கள். மோட்டாரின் இரு காயில்களின் மின்தடையையும் கையேட்டோடு ஒப்பிடுங்கள். 500 வோல்ட் மெகர் (மின்காப்பு அளக்கும் கருவி) வைத்து, காயிலிலிருந்து மோட்டாரின் உடலுக்கு மின்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறிய மோட்டாருக்குக் காயில் கட்டுவது நல்ல பல்லைப் பிடுங்குவதற்குச் சமம். இந்த வழி எனக்கு உவப்பானது ஸ்பூல் மோட்டாருக்கு மட்டுமே. அங்கே மைக்ரான் கணக்கு கிடையாது, பால் பேரிங்கைத் தனியே கழற்றிவிடலாம், நல்ல கடைக்காரர் கட்டினால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

## வழி 3: வேறு இயந்திரத்திலிருந்து கழற்றிப் போடுவது

ஏ77 1967இலும் பி77 1977இலும் வந்தவை. இரண்டும் ஏராளமாக விற்றதால், உடைத்து விற்கும் உதிரிகள் உலகச் சந்தையில் இன்றும் கிடைக்கின்றன. கேட்கவே எளிது: நான்கு திருகு, ஒரு இணைப்பான், முடிந்தது.

ஆனால் அந்த மோட்டாருக்கும் உங்கள் மோட்டாரின் வயதுதான். அதன் புஷ்ஷும் அதே ஐம்பது ஆண்டு காய்ந்தது, பலசமயம் பத்தாண்டு பரணில் சுற்றாமலே கிடந்து இன்னும் மோசமானது. 'சோதித்தது, ஓடுகிறது' என்று விற்பவர் எழுதினால், மின்சாரம் கொடுத்தபோது சுற்றியது என்று மட்டும் பொருள். ஆக இதை வாங்கினாலும் முதல் வழியின் வேலை உங்களுக்கு மிச்சமாகாது. ஒரே பெயரில் வந்த இயந்திரங்களிலும் பதிப்புக்குப் பதிப்பு மோட்டார் மாறியிருக்கும். மோட்டார் லேபிளில் உள்ள எண்ணை ஒப்பிடாமல் பணம் கட்டாதீர்கள். கேப்ஸ்டன் தண்டு ஒரு சிறு அடியில் வளைந்துவிடும். கழற்றிய மோட்டாரைத் தண்டுக்குத் தனிக் காப்பு இல்லாமல் பெட்டியில் போட்டு அனுப்பினால் வாங்கியது எடைக்குத்தான் போகும்.

இது சிறந்த வழியாவது ஒரே ஒரு சூழ்நிலையில்: தண்டு கோடு விழுந்து, முழு இயந்திரமாகவே ஒன்று மலிவாகக் கிடைத்தால். அப்போது மூன்று மோட்டாரும் ஹெட்டும் பலகைகளும் சேர்ந்து வரும்.

## வழி 4: வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவது

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த மோட்டார்களையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். புஷ்ஷை மாற்றுவார்கள், தண்டைச் சாணை பிடிப்பார்கள் அல்லது புதிதாகச் செய்வார்கள், விலகலை அளந்து எழுதித் தருவார்கள். தண்டு கெட்டு, முழு இயந்திரமும் மலிவாகக் கிடைக்காதவர்களுக்கு நேர்மையான ஒரே பதில் இதுதான்.

மறைசெலவில் முதல் இடம் சுங்கத்துக்கு. சாதாரணப் பார்சலாக அனுப்பிவிட்டால், திரும்பி வரும்போது உங்கள் சொந்த மோட்டாருக்கே இறக்குமதி வரி கட்ட நேரும். பழுதுபார்க்க அனுப்புவதாக ஏற்றுமதி ஆவணத்தில் மோட்டாரின் எண்ணோடு பதிந்து அனுப்பினால், திரும்ப வரும்போது பழுதுபார்ப்புச் செலவு, இருவழிப் போக்குவரத்து, காப்பீடு ஆகியவற்றின் மீது மட்டுமே வரி. இந்தக் காகித வேலைக்குச் சுங்கத் தரகர் ஒருவர் தேவைப்படுவார், அவருக்கும் கூலி உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் இதை அறியாமல் அனுப்பி, மோட்டாரை மீட்க இரண்டு மாதம் அலைந்தார்.

இரண்டாவது, காலம். மாதக்கணக்கில் இயந்திரம் ஊமையாகக் கிடக்கும். தினசரி ஓடும் கூடத்துக்கு இது தாங்காது. அங்கே மூன்றாம் வழியில் ஒரு மாற்று மோட்டாரை வாங்கி வைத்துக்கொண்டு, மூல மோட்டாரை நிதானமாக அனுப்புவதே புத்தி.

## வழி 5: இக்கால மோட்டார் பொருத்துவது

ட்ரோன் மோட்டாரும் மைக்ரோகன்ட்ரோலரும் மலிந்த காலத்தில் இந்த ஆசை வராமல் இருக்காது. பொறியியல் மாணவர்கள் கேட்கும்போது தடுக்கவும் மனம் வருவதில்லை. ஆனால் 12 பள்ளம், 14 காந்த முனை உள்ள சாதாரண பிரஷ் இல்லா மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள்: கடக் கடக் என்று தடைகள். ஒரு சுற்றுக்கு 84 முறை. டேப்பில் அது ஓசையின் ஓரத்தில் சொரசொரப்பாக வந்து உட்காரும். பழைய மோட்டாரின் கனத்த வெளிச்சுழலி, சிறு நடுக்கங்களை விழுங்கும் பறக்கும் சக்கரமாகவும் இருந்தது என்பது அதைக் கழற்றிய பிறகுதான் புரியும். பிறகு தண்டு. லேத் பட்டறையில் கடைந்து வாங்குவது 5 மைக்ரானுக்குள் நிற்காது, அதற்கு உருளைச் சாணை வேண்டும்.

ஸ்பூல் மோட்டாருக்குச் செய்யலாம், ஓரளவு வெற்றியும் கிடைக்கும். கேப்ஸ்டனுக்கு, வேறு எல்லா வழியும் அடைபட்ட அரிய இயந்திரம் என்றால் மட்டும். எதையும் வெட்டாமல், துளையிடாமல் செய்யுங்கள். பழைய மோட்டாரைத் தூக்கிப்போடாதீர்கள்.

## வழி 6: பழுதுபார்க்காமல் விடுவது

டேப் பத்துக்குள் இருந்தால், நன்றாக ஓடும் இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்து டிஜிட்டலாக்கிக்கொள்ளுங்கள். இயந்திரத்தை ஆசைக்காக வைத்திருக்கலாம், டேப் ஆசைக்காகக் காத்திருக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு | மறைசெலவு | தண்டுக்கு ஆபத்து | பின்வாங்க முடியுமா | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| 1. எண்ணெய், பேரிங், கெபாசிட்டர் | மிகக் குறைவு | இழுவிசை, பிரேக் மறுசரிக்கட்டல் | குறைவு, நிதானம் இருந்தால் | முடியும் | பெரும்பாலானோருக்கு |
| 2. காயில் கட்டுவது | நடுத்தரம் | புஷ் கருகுவது | கேப்ஸ்டனில் அதிகம் | முடியாது | எரிந்த ஸ்பூல் மோட்டாருக்கு |
| 3. கழற்றிப் போடுவது | நடுத்தரம் | முதல் வழி வேலையும் சேரும் | தபாலில் வளையலாம் | முடியும் | தண்டு கெட்டு, முழு இயந்திரம் கிடைத்தால் |
| 4. வெளிநாட்டு நிபுணர் | அதிகம் | சுங்கம், மாதங்கள் | சீராகித் திரும்பும் | தேவைப்படாது | தண்டு கெட்டவருக்கு |
| 5. இக்கால மோட்டார் | சொல்ல முடியாது | உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் | தண்டே புதிது | வெட்டாவிட்டால் முடியும் | சோதனைப் பிரியருக்கு |
| 6. விட்டுவிடுவது | டேப் கணக்கில் | இல்லை | இல்லை | எப்போதும் | பத்து டேப்காரருக்கு |

## ஆம்பெக்ஸ்காரர் கதை தனி

மூன்றாமவரின் மோட்டாருக்கு இந்த ஆறில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆம்பெக்ஸ் 351இன் கேப்ஸ்டன் மோட்டார் மின்கட்டத்தின் அதிர்வெண்ணோடு பூட்டிக்கொண்டு சுற்றும் ஒத்தியங்கு வகை. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், அதிர்வெண்ணைத் தொடாது. ஆகவே வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் மேலே இறங்கியது. வோல்ட் குறையாமல் அதிர்வெண் மட்டும் குறைந்ததால் மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடேறியது. மோட்டாரைப் பிரித்திருந்தால் நல்ல மோட்டார் ஒன்று வீணாகியிருக்கும். அவருக்குத் தேவை சுத்தமான சைன் அலையில் 60 ஹெர்ட்ஸ் தரும் அதிர்வெண் மாற்றுக் கருவி. 50 ஹெர்ட்சுக்கான தடித்த கேப்ஸ்டன் உறையும் கெபாசிட்டரும் தேடுவது இன்னொரு வழி. கருவி அதைவிட மேல். காரணம், அதில் அதிர்வெண்ணைத் திருக முடியும்.

இது நம் ஊரில் ஆடம்பரமில்லை. இப்போது மின்கட்டத்தின் அதிர்வெண்ணை 49.90 முதல் 50.05 ஹெர்ட்சுக்குள் வைக்க வேண்டும் என்பது விதி. 2003இல் அதிர்வெண்ணோடு பிணைத்த புதிய மின்கட்டணமுறை வருமுன், 1990களில், தென்மண்டலத்தில் அது 48.5க்கும் கீழே சரிவது சகஜம். அந்த நாளில் ஒத்தியங்கு மோட்டார் இயந்திரத்தில் பதிந்த டேப்பை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் பாடகர் அரைச்சுரத்தில் பாதி உயரத்தில் பாடுவார். அதிர்வெண்ணைத் திருகத் தெரிந்தவர் அவரைக் கீழே இறக்கிக் கொண்டுவரலாம்.

## மற்ற இருவர்

ஸ்டூடர்காரருக்கு முதல் வழி. இடப்பக்க மோட்டாருக்கு இரண்டு பேரிங், வலப்பக்கத்துக்கும் கையோடு இரண்டு. ஒன்று உறுமினால் மற்றது வரிசையில் நிற்கிறது என்று பொருள். அரை நாள் வேலை, இழுவிசை சரிசெய்ய இன்னொரு அரை நாள். கேப்ஸ்டனுக்கு மட்டும் ஒரு மாற்று மோட்டாரை இப்போதே தேடி வைக்கச் சொன்னேன். வாரம் ஐந்து நாள் ஓடும் இயந்திரத்தில் அந்த நாள் வரத்தான் போகிறது.

நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைக்கும் முதல் வழிதான். தண்டில் பழுப்பு வளையம் இருந்தது, கோடு இல்லை. துடைத்து, எண்ணெய் ஏற்றி, மறுநாள் சோதனை டேப்பை ஒரு மணி நேரம் ஓட்டினோம். கீச்சு இல்லை, அளவுமானி அசையவில்லை. பிறகு அவர் அப்பாவின் தோடி ஒன்றைப் போட்டார். வேக ஆட்டத்தைக் கண்டுபிடிக்க நாகஸ்வரப் பதிவைவிட நல்ல கருவி கிடையாது: பின்னால் ஒத்து ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கும், கேப்ஸ்டன் இம்மி பிசகினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒத்து ஒரு கணம் தளர்ந்து நிமிர்ந்தது. நான் திடுக்கிட்டு டேப்பைத் திருப்பினேன். மறுபடியும் அதே இடத்தில், அதே தளர்வு. மூன்றாம் முறையும். கேப்ஸ்டன் குற்றம் இப்படி ஓரிடத்தில் காத்திருக்காது. ஸ்குரூடிரைவரை எடுக்கப் போன என் கையை அவர் தடுத்தார். "அது மோட்டார் இல்லை சார். ஒத்து ஊதியது என் சித்தப்பா. அந்த இடத்தில் அவர் மூச்சு வாங்குவார்" என்றார்.